பெயர் தெரிந்தால் பயம் குறையும்

காடு என்ற சொல் எம்மில் பலருக்கு நல்ல நினைவுகளைத் தருவதில்லை. யுத்த காலத்தில் அது பதுங்கும் இடமாக இருந்தது. யுத்தம் முடிந்த பின்னர் கண்ணிவெடி இருக்குமோ என்று அஞ்சி ஒதுங்கும் இடமாயிற்று. சமூகவியல் கற்று, பெண்கள் குழுக்களுடன் பணியாற்றத் தொடங்கிய நாள்முதல் இந்தப் பயத்தைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். அதைச் சற்றேனும் தளர்த்திய ஒரு பயணத்தைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

கிளிநொச்சியிலுள்ள எமது குழுவைச் சேர்ந்த 14 பெண்களுடன் ஒரு மாசி மாதத்தில் நுவரெலியாவுக்குச் சென்றேன். அவர்களுள் ஐவர் மலையக வழிவந்தவர்கள். 1977 இலும் 1983 இலும் இடம்பெற்ற வன்செயல்களின் பின்னர் மலையகத்திலிருந்து பல குடும்பங்கள் வன்னிக்கு வந்து குடியேறியதை நாம் அறிவோம். எம்முடன் வந்த ஓர் அக்கா, 1977 இல் ஏழு வயதில் தாயின் கையைப் பிடித்தபடி தோட்டத்தை விட்டு வந்தவர். 2009 இல் கணவரை இழந்தவர். அதன் பின் விறகுக்குக்கூடத் தனியே காட்டோரம் போனதில்லை என்பார்.

மறுநாள் விடியற்காலையிலேயே ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனோம். 2,000 மீற்றருக்கும் மேல் உயரத்தில் உள்ள இவ்விடம் 1988 இல் தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010 இல் சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸ் மலைக்காடு ஆகியவற்றுடன் சேர்த்து உலக மரபுரிமையாகவும் அறிவிக்கப்பட்டது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இது நீர் தருகிறது.

முதலில் கண்டது மரை. புள்ளிகள் இல்லாத, கபில நிறமான பெரிய உடல். ஆணுக்கு மட்டுமே கிளைவிட்ட கொம்பு. வன்னியிலும் மரை உண்டு என்பதால் எல்லோரும் உடனே அடையாளம் கண்டனர். ஆனால் மந்தி வேறுபட்டிருந்தது. வன்னியில் காணும் மந்தி சாம்பல் நிறம். இங்குள்ள மந்தி கரும்பழுப்பு நிறமானது. குளிரைத் தாங்க அடர்ந்த நீண்ட மயிர் கொண்டது. கன்னங்களில் வெளிறிய தாடி இருக்கும். தலையில் தொப்பி வைத்தது போல மயிர் வளர்ந்த செம்பழுப்புக் குரங்கு இன்னொன்று. அது இலங்கைக்கே உரியது.

பறவைகளில் மஞ்சள் காதுக் கொண்டலாத்தியை இலகுவாக அடையாளம் காணலாம். கரிய தலையில், கண்ணுக்குப் பின்னால் மஞ்சள் இறகுக் கொத்து தெரியும். நீல உடலும் செம்பழுப்புத் தலையும் சிவந்த அலகும் கால்களும் கொண்டது நீல மக்பை. எமது தேசியப் பறவையான காட்டுக்கோழியின் சேவலுக்குச் சிவந்த பூவின் நடுவே மஞ்சள் நிறம் இருக்கும். இம்மூன்றும் இலங்கையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக இல்லை.

பாதையோரக் கிளையில் ஓர் ஓணான் அசையாமல் இருந்தது. மூக்கு நுனியில் சிறிய கொம்பு. "கொம்பு ஓணான் பிள்ளை! எங்கம்மா காட்டித் தந்தது" என்று அக்கா கூவினார். அதுவரை வாய் திறக்காமல் நடந்தவர் அவர். இலங்கையின் மலைகளில் மட்டுமே வாழும் இனம் அது. தாய் இறந்து பல வருடங்களாகியும் அவர் சொல்லிக்கொடுத்த பெயர் மகளிடம் பத்திரமாக இருந்தது.

மாலையில் தோட்டத்துப் பெண்கள் சிலருடன் பேசினோம். கொழுந்து பறிக்கும் மலையில் சிறுத்தையின் நடமாட்டம் உண்டு என்றார்கள். மண்ணில் பதியும் அடியைப் பார்த்து அதை அறியலாம். நாயின் அடியில் நகத்தின் குறி தெரியும். சிறுத்தை நகத்தை உள்ளிழுத்து நடப்பதால் பொதுவாகத் தெரியாது. குட்டியைக் கண்டால் தொடக்கூடாது. தாய் அருகில் இருக்கும். பன்றிக்கு வைக்கும் கம்பிக் கண்ணிகளே சிறுத்தைக்குப் பெரும் ஆபத்து. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் ஓர் அரிய கருஞ்சிறுத்தை அவ்வாறு சிக்கி, சில நாட்களில் இறந்தது.

பாம்புகளையும் கேட்டறிந்தோம். தேயிலைச் செடியில் பச்சை நிறத்தில் கரிய கோலமும் முக்கோணத் தலையுமாகச் சுருண்டிருப்பது பச்சை விரியன். காய்ந்த இலை நிறத்தில், மூக்கு நுனி மேல்நோக்கியிருப்பது இன்னொரு சிறிய விரியன். இது எமது பகுதிகளிலும் உண்டு. சிறியது என்று அலட்சியம் செய்யலாகாது. கடித்தால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். கடிவாயைக் கீறாமல், இறுகக் கட்டாமல், அந்த உறுப்பை அசைக்காமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

திரும்பும் நாளில், நுவரெலியா விக்டோரியா பூங்காவில் ஆறுமணிக் குருவியைக் கண்டோம். குட்டை வால், பச்சை முதுகு, கண்ணில் கறுப்புப் பட்டை, வாலடியில் சிவப்பு. காலையும் மாலையும் ஆறு மணியளவில் கூவுவதால் இந்தப் பெயர். இமயமலை அடிவாரம் போன்ற தொலைவிடங்களிலிருந்து குளிர்காலத்தில் வந்து, பின்னர் திரும்பிப் போகும். "இது எங்க வளவுக்கும் வரும். பேர்தான் தெரியாம இருந்திச்சு" என்றார் அக்கா.

ஊர் திரும்பியதும் அவர் ஒரு கொப்பி வாங்கினார். பேரன் எழுத, பாட்டி சொல்ல, வளவுக்கு வரும் பறவைகள் 17 இதுவரை அதில் பதிவாகியுள்ளன. விறகுக்கு இப்போது அயல் பெண்கள் இருவருடன் காட்டோரம் போகிறார்.

சகோதரிகளே, இதற்குப் பெரிய செலவு இல்லை. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களுக்குள் ஒருபோதும் நுழையாதீர்கள். உங்கள் முற்றத்திலிருந்தே தொடங்குங்கள். நிறம், அளவு, வால், குரல், கண்ட நேரம் ஆகிய ஐந்தையும் குறித்து வையுங்கள். உங்கள் தாய் சொன்ன பெயர் நினைவிருந்தால் அதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். வீடும் காணியும் இழந்தவர்களிடமும் அந்தச் சொத்து எஞ்சியிருக்கிறது.