பனிச்சறுக்குப் பலகையில் ஒரு சில்லு

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கைச் சேர்ந்த ருடால்ஃப் லெட்னர் 1926-ல் ஒரு காப்புரிமை பெற்றார். அதுவரை வெறும் மரமாக இருந்த பனிச்சறுக்குப் பலகையின் அடி ஓரத்தில் எஃகு விளிம்பு பொருத்தும் யோசனை அது. இறுகிய பனியிலும் வழுக்காமல் திரும்ப முடிவது அந்த விளிம்பால்தான். ஆனால் பலகையின் மேற்பகுதிக்கு முதல் எதிரியும் அதுவேதான். அதுவும் வேறு யாருடையதோ அல்ல, பெரும்பாலும் சொந்த ஜோடிப் பலகையின் விளிம்பு!

சறுக்கும்போது இரண்டு பலகைகளும் அவ்வப்போது உரசிக்கொள்ளும். ஒன்றின் எஃகு மற்றதன் மேல் ஓரத்தில் கத்தி மாதிரி இறங்கும். லிஃப்ட் வரிசையில் பின்னால் நிற்பவர் ஏறி மிதிப்பதும் உண்டு. படம் போட்டுப் பளபளக்கும் மேல் பிளாஸ்டிக் தாள், அதாவது டாப்ஷீட், சில்லு சில்லாகப் பெயர்கிறது.

"பார்க்கத்தானே அசிங்கம், ஓடுவதற்கு என்ன குறை?" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பாதி சரி. பலகையின் பலமெல்லாம் உள்ளே இருக்கும் மரத்திலும் கண்ணாடி இழையிலும்தான். டாப்ஷீட் அவற்றுக்கு ஒரு மழைக்கோட்டு மாதிரி. கோட்டில் கீறல் விழுந்தால் பரவாயில்லை, ஓட்டை விழுந்தால்தான் வம்பு. உருகிய பனி உள்ளே போகும். இரவில் உறையும். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும் என்பது பள்ளிப் பாடம். தினமும் இப்படி நடந்தால் ஒட்டிய அடுக்குகள் மெல்லப் பிரியும், மரமும் ஊறும்.

சரி, தடுப்பது எப்படி? புதுப் பலகையின் மேல் ஓரம் கூராக இருந்தால், நைசான அரத்தால் 45 டிகிரி சாய்வில் டாப்ஷீட்டை மட்டும் லேசாக மழுக்க வேண்டும். கூர் முனைதான் முதலில் பெயரும், மழுங்கியது அடியை வழுக்கிவிடும். மேலே ஒட்டிய பனியைக் கம்பால் அடித்துத் தட்டக் கூடாது. தூக்கிப் போகும்போது இரண்டையும் வாரால் கட்டிவிட்டால் உரசாது. வீட்டுக்கு வந்ததும் துடைத்துக் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு பைக்குள் வைப்பது ரொம்பத் தப்பு.

பெயர்ந்தே விட்டதா? தொங்கும் துண்டைப் பிடித்து இழுக்காமல் கத்தியால் நறுக்க வேண்டும். ஓரிரு நாள் வீட்டுக்குள் நன்றாக உலரட்டும். ஈரத்தின் மேல் பசை பூசினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். சின்னச் சில்லு என்றால் உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, எபாக்ஸி பசையை மெல்லப் பூசினால் போதும். அடுக்கு தூக்கிக்கொண்டிருந்தால் பசையை உள்ளே வரை செலுத்தி, மெழுகுத்தாள் வைத்துக் கிளாம்ப் போட்டு ஒரு நாள் விட வேண்டும். இரண்டு டியூப்களைக் கலக்கும், மெதுவாக இறுகும் ரகம்தான் நல்லது. சூப்பர் க்ளூ குளிரில் நொறுங்கிவிடும். எஃகு விளிம்பே விலகியிருந்தாலோ, அழுத்தினால் தண்ணீர் கசிந்தாலோ, பழுது பார்க்கும் கடைக்குப் போவதே புத்திசாலித்தனம்.

பழைய பலகை வாங்க வருபவர்கள் முதலில் பார்ப்பது மேல் படத்தைத்தான். சில்லுகள் நிறைந்த நல்ல பலகையை ஒதுக்கிவிட்டு, பளபளப்புக்குக் கீழே அடுக்கு பிரிந்த ஒன்றை அதிக விலைக்கு வாங்கிப் போவார்கள். ஓரத்தை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தாலே இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும்.