ஏழாவது ஆள்

பல்கலைக்கழகம் என்றால் நமக்கு வகுப்பறை, விடுதி, நூலகம், போராட்டம் இவைதான் ஞாபகம் வரும். பதிவாளர் அலுவலகத்து பீரோவில் கிடக்கும் இனச்சுழற்சிப் பதிவேடு ஞாபகம் வராது. நம் பிள்ளைக்கு அங்கே வேலை உண்டா இல்லையா என்று தீர்மானிப்பது அந்த நோட்டுதான். இடஒதுக்கீட்டைப் பற்றி நாம் மேடையில் பேசிய அளவுக்கு அந்த நோட்டைப் பற்றிப் பேசியதில்லை.

நான் பம்மல்காரன். எங்கப்பா நாகல்கேணிப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் ஒப்பந்த ஆட்களைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிடுவார்கள். அப்பா சொல்வார்: "நோட்டுல எங்க எல்லாரு கையிலயும் கிளவுஸ் இருக்குடா. கையிலதான் இல்ல."

எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு ஒரு பல்கலைக்கழகத்தில் எஸ்.சி./எஸ்.டி. பிரிவில் ஒப்பந்தக் கூலிக்கு டைப் அடிக்கப் போனேன். சட்டப்படி நடக்கிறோம் என்று மேலிடத்துக்குக் காட்டும் படிவங்களை நிரப்புவதுதான் வேலை. பிரிவு அமைத்தாயிற்றா? ஆம். தொடர்பு அலுவலர் உண்டா? ஆம். பதிவேடு பராமரிக்கப்படுகிறதா? ஆம். காலியிடங்கள் நிரப்பப்பட்டனவா? அங்கே மட்டும் ஒரு நீண்ட பதில்: 'தகுதியானவர் கிடைக்கவில்லை.' போன முறை அனுப்பியதிலும் அதே வரி. அதற்கு முந்தியதிலும் அதே வரி. அப்பா சொன்ன கிளவுஸ்தான் ஞாபகத்துக்கு வந்தது.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். முனைவர் பட்டம், நெட் தேர்ச்சி, பல வருஷமாகக் கௌரவ விரிவுரையாளர். வேறொரு இடத்தில் நேர்காணலுக்குப் போய்விட்டு வந்து சொன்னார்: "பத்து நிமிஷம்கூட உக்கார வைக்கல தம்பி. தகுதியானவர் யாரும் இல்லன்னு முடிச்சிட்டாங்க. கம்மி சம்பளத்துக்குப் பாடம் நடத்த மட்டும் எனக்குத் தகுதி இருக்கு."

நம்மை வெளியே நிறுத்தப் பொய் எழுத வேண்டும் என்பதுகூட இல்லை. கணக்கை எங்கிருந்து எண்ணுவது என்று மாற்றினாலே போதும். நாடு முழுக்க அதைத்தான் செய்தார்கள். பல்கலைக்கழகம் முழுவதையும் ஓர் அலகாக வைத்து 200 புள்ளிச் சுழற்சியில் எண்ணுவது வழக்கமாக இருந்தது. 2017 ஏப்ரலில் அலகாபாத் உயர்நீதிமன்றம், ஒவ்வொரு துறையையும் தனி அலகாக எண்ண வேண்டும் என்றது. 2018 மார்ச் 5இல் பல்கலைக்கழக மானியக் குழு அதையே சுற்றறிக்கையாக அனுப்பியது.

இதில் என்ன சூது? அந்தச் சுழற்சியில் நான்காவது நியமனம் பிற்படுத்தப்பட்டோருக்கு. ஏழாவது பட்டியல் சாதிக்கு. பதினான்காவது பழங்குடிக்கு. பத்துத் துறைகள், துறைக்கு ஆறு உதவிப் பேராசிரியர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 60 பேர். பல்கலைக்கழகம் ஓர் அலகு என்றால் 15 சதவீதத்தில் நமக்கு 9 இடம், 7.5 சதவீதத்தில் பழங்குடிக்கு 4, 27 சதவீதத்தில் பிற்படுத்தப்பட்டோருக்கு 16. துறைவாரியாக எண்ணினால் பிற்படுத்தப்பட்டோருக்கு 10. நமக்கு பூஜ்யம். பழங்குடிக்கும் பூஜ்யம். ஆறு பேரில் ஒருவர் ஓய்வுபெற்று ஏழாவது ஆள் தேவைப்படும்வரை நாம் வாசலிலேயே நிற்க வேண்டும். பதினான்காவது ஆளாக வர வேண்டிய பழங்குடிப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அரசியல் சட்டத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. பதிவேடும் சுத்தமாக இருக்கும். ஒதுக்கீடு மட்டும் இருக்காது.

2019 ஜனவரி 22இல் உச்சநீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. மார்ச் 5இல் பந்த். தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட ஆசிரியர்களும் மாணவர்களும் தெருவுக்கு வந்தார்கள். மார்ச் 7இல் அவசரச் சட்டம் வந்தது. ஜூலையில் அது நாடாளுமன்றச் சட்டமானது. மத்திய கல்வி நிறுவனங்களில் நிறுவனமே அலகு என்று எழுதப்பட்டது. கருணையால் வந்ததல்ல, தெருவில் நின்றதால் வந்தது.

ஆனால் அலகை மீட்டதால் ஆள் உள்ளே போய்விடவில்லை. 'தகுதியானவர் கிடைக்கவில்லை' என்ற அந்த ஒரு வரி மிச்சமிருக்கிறது. அதை எழுதுகிற கை தேர்வுக் குழுவின் கை. அந்தக் குழுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நாம் கேட்பதில்லை.

கேட்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். பதிவேட்டின் நகல் கொடு. எந்தப் புள்ளியில் யார் இருக்கிறார்? பின்னடைவுப் பணியிடம் எத்தனை, எந்த வருஷத்திலிருந்து? தேர்வுக் குழுவில் நம் ஆள் ஒருவராவது இருந்தாரா? தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், அவர்கள் படிப்பு என்ன? பதில் வராவிட்டால் மேல்முறையீடு. அதற்கும் அசையாவிட்டால் தேசியப் பட்டியல் சாதிகள் ஆணையம். அரசியல் சட்டத்தின் 338ஆம் பிரிவு அதற்கு அதிகாரிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லவும் அதிகாரம் கொடுத்திருக்கிறது.

மாணவத் தோழர்களுக்கு ஒன்று சொல்வேன். அம்பேத்கர் பிறந்தநாளுக்குச் சுவரொட்டி ஒட்டுங்கள், கூட்டம் போடுங்கள். கூட்டம் முடிந்து போகும்போது ஆளுக்கொரு மனு எழுதிவிட்டுப் போங்கள். சட்டம் நம் பக்கம் இருக்கிறது. நோட்டு இன்னும் அவர்கள் பீரோவில்தான் இருக்கிறது.