இரண்டு வால்வுகளுக்குப் பின்

ஆடி 4

இதயத்தின் இடப்பக்கத்து வாயில்களான மைட்ரல், அயோர்ட்டிக் வால்வுகள் இரண்டையும் ஒருசேர மாற்றிக்கொண்டவர்களில் பெரும்பாலோர், இந்தியாவைப் பொறுத்தவரை, சிறுவயதில் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வந்த வாதக் காய்ச்சலால் வால்வு தடித்துச் சுருங்கிப்போனவர்கள். ஆகவே இளவயதினர், மாற்றிய வால்வுகளோடு இன்னும் பல பத்தாண்டுகள் வாழ வேண்டியவர்கள். பாறசாலையை அடுத்த ஊரில் தையல் வேலை செய்யும் குறிப்பாளரின் தங்கையும் இப்போது அவர்களுள் ஒருவர். விலங்குத் திசுவால் ஆன வால்வு இளம் உடலில் விரைவில் கெட்டுவிடும் என்பதால், அவருக்கு உலோக வால்வுகளே பொருத்தப்பட்டன.

ஆடி 5

தங்கைக்குத் தூக்கமில்லை, வால்வின் 'டிக் டிக்' அவர் காதுக்கே கேட்கிறது.

ஆடி 17

தங்கைக்குப் பொருத்தப்பட்ட வகையான, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் எம். எஸ். வலியத்தான் தலைமையில் உருவான இந்திய வால்வு, முந்தைய மூன்று வடிவங்கள் கைவிடப்பட்ட பின் நான்காவதாகத் தேறி, 1990 டிசம்பர் 6 அன்று முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. உலோகக் கூட்டுக்குள் சாய்ந்து திறந்து மூடும் பிளாஸ்டிக் தட்டே அதன் உயிர்நாடி. அத்தட்டு நாளொன்றுக்குச் சுமார் 1 லட்சம் முறை அசைகிறது. தட்டு தேய்ந்துவிடுமோ என்பதைவிட, அதன்மேல் ரத்தம் உறைந்து அசைவு நின்றுவிடுமோ என்பதே பெரிய அச்சம். சத்தம் மங்கி மூச்சு வாங்கினால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். தூக்கத்தைக் கெடுக்கும் அச்சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று வீட்டார் வேண்டத் தொடங்கியிருக்கிறார்கள்.

ஆவணி 2

ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை இயல்பு நிலையோடு ஒப்பிடும் எண்ணே ஐ.என்.ஆர்.; மைட்ரல் இடத்தில் உலோக வால்வு உள்ளவருக்கு அது பொதுவாக 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும், குறைந்தால் உறைகட்டியும் மிகுந்தால் ரத்தக்கசிவும் நேரலாம். இன்று 1.7. ரத்தம் உறையாமலிருக்கத் தங்கை எடுக்கும் வார்ஃபரின் மாத்திரையின் வேலையை வைட்டமின் கே மிகுந்த முருங்கைக்கீரை குறைக்கும் என்பதால், வீட்டில் கீரையையே நிறுத்திவிடும் யோசனை எழுந்தது. நெய்யாற்றின்கரை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், பல ஆண்டுகளுக்கு முன்பே வால்வு மாற்றிக்கொண்ட முதியவர் ஒருவர், பழைய எண்களெல்லாம் வரிசையாக எழுதிய, எண்ணெய்க்கறை படிந்த நோட்டைத் தங்கையிடம் நீட்டி, "கீரைய விட வேண்டாம் மக்களே, எல்லா வாரமும் ஒரே அளவு தின்னா போதும்" என்றார். மருத்துவரும் அதையே சொல்லியிருந்தார். அப்போது அது யாருடைய செவியிலும் ஏறவில்லை.

ஆவணி 3

ஒரு நோட்டு வாங்கப்பட்டது.

ஆவணி 20

பல்வலி. பல் பிடுங்குவதற்கு முன் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து எடுக்காவிட்டால், வாயிலுள்ள கிருமி ரத்தத்தில் கலந்து செயற்கை வால்வில் குடியேறக்கூடும். மருத்துவரைக் கேட்கும்வரை தங்கை சரியாகச் சாப்பிடவில்லை, யாரோடும் பேசவுமில்லை.

புரட்டாசி 9

ஐ.என்.ஆர். 2.8, மரச்சீனியும் மீன்கறியும் வைத்து வீடு கொண்டாடியது. இரவில் தங்கையின் கணவர் குழந்தையைப் பற்றிப் பேச்செடுத்தார். வார்ஃபரின் தொடக்க மாதங்களில் கருவைப் பாதிக்கக்கூடியது. அதற்கு மாற்றான ஹெப்பாரின் ஊசி கருவை எட்டாது, ஆனால் வால்வில் ரத்தம் உறையும் ஆபத்து கூடும். தங்கைக்கோ அத்தகைய வால்வுகள் இரண்டு. கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் பேசியாக வேண்டிய விஷயம் இது. அடுத்த மறுபரிசோதனையில் அதைக் கேட்கப்போவது தானா கணவரா என்பதைத் தங்கை இன்னும் சொல்லவில்லை.