ஒப்பந்தம் யார் பேரில்?

ஓசூரில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் முதல் கேள்வி, "எந்தக் கம்பெனி?" சிப்காட், ஜூஜூவாடி பக்கத்து லைன் வீடுகள் சம்பளத் தேதியை நம்பிக் கட்டப்பட்டவை. பேருந்து நிலையத்தில் படுத்திருக்கும் குடும்பத்திடம் அதற்குப் பதில் இருக்காது. அட்வான்ஸும் இருக்காது. ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரில் மார்கழிக் குளிர் மட்டும் இருக்கும்.

அதனால்தான் வீடற்றவர்களோடு வேலை செய்பவர்கள் வீட்டுக்காரரைச் சரிக்கட்டுவதிலிருந்து தொடங்குகிறார்கள்.

தமிழ்நாட்டில் இந்த வேலையை நுணுக்கமாகச் செய்து காட்டியது, 1993-இல் சென்னையில் தொடங்கிய 'தி பேன்யன்' என்ற தொண்டு நிறுவனம். மனநோயோடு தெருவில் அலைந்து, பிறகு காப்பகத்திலேயே ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டவர்களுக்காக 2015-இல் 'ஹோம் அகெய்ன்' திட்டம் வந்தது. ஊருக்குள் சாதாரண வாடகை வீடு. நான்கைந்து பேர் ஒரு குடும்பமாக இருப்பார்கள். தேவைக்கேற்பத் துணைப் பணியாளர். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டியில் இதை நல்ல முன்மாதிரிகளில் ஒன்றாகச் சேர்த்தது.

வேலையின் சூட்சுமம் சமையற்கட்டில் இருக்கிறது. ஒருவர் ஒரு பிடி சின்ன வெங்காயம் உரிக்க அரை மணி நேரம் எடுப்பார். அடுப்பில் பருப்பு குழைந்துகொண்டிருக்கும். பணியாளரின் கை பரபரக்கும். பிடுங்கி உரித்துவிட்டால் சாம்பார் நேரத்துக்கு ஆகும், வீடு மறுபடி காப்பகம் ஆகிவிடும். கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்குத்தான் சம்பளம் என்று சொன்னால் கணக்குப் பிரிவில் யார் ஒப்புக்கொள்வார்கள்?

வீட்டை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கண்ணகி நகர் இருக்கிறது. 2000-லிருந்து சென்னையின் நீர்நிலைக் கரையோரக் குடும்பங்கள் அங்கே குடியமர்த்தப்பட்டன. கூரை கிடைத்தது, வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் தூரமாகின.

ஓசூரில் வேலைக்குத் தூரமில்லை. காகிதம்தான் இடிக்கும். 2020 அக்டோபரிலிருந்து வெளிமாநில ரேஷன் கார்டுக்கும் இங்கே அரிசி வாங்கலாம். வயதுச் சான்று இல்லையென்று பள்ளி பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். இதைக் கடைக்காரரிடமும் தலைமையாசிரியரிடமும் தமிழில் சொல்லி, குடும்பத்துக்குக் கன்னடத்திலோ தெலுங்கிலோ இந்தியிலோ விளக்க ஆள் வேண்டும்.

பிறகு வாடகை ஒப்பந்தம். உதவும் தொண்டு நிறுவனத்தின் பேரில் போட்டால் வீட்டுக்காரருக்கு நிம்மதி. ஆனால் கேஸ் இணைப்புக்கும் ஆதார் முகவரிக்கும் குடும்பத்தின் பேரில் தாள் வேண்டும். முதல் பதினொரு மாதத்துக்கு நிறுவனம் பொறுப்பேற்று, வாடகை தவறாமல் வந்ததைக் காட்டி, அடுத்த ஒப்பந்தத்தில் குடும்பத் தலைவியின் பெயரை எழுத வைப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும் வழி.