இடது பக்கத்து போல்ட்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. மார்ச் முடிஞ்சு கணக்கெல்லாம் மூடின பிறகுதான் வங்கிக்காரனுக்கு ஞாயிற்றுக்கிழமைன்னு ஒண்ணு இருக்கறதே ஞாபகம் வரும். இந்த வருஷம் அப்படிக் கிடைச்ச மூணு ஞாயிறையும் ஒரு பழைய பைக்கோட முன்பக்க ஃபோர்க்குக்குத் தாரை வார்த்துட்டேன். தங்கமணி இன்னும் முழுசாப் பேச ஆரம்பிக்கல.

பைக் அப்பாவோடது. ஹீரோ ஹோண்டா சிடி 100, 1989-இல் வேதாரண்யத்தில் வாங்கினது. வேதாரண்யம் தெரிஞ்சவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அங்கே காத்துலயே உப்பு. ஜன்னல் கம்பி முதல் சைக்கிள் செயின் வரை எதுவும் தப்பாது. போதாததுக்கு 2018 நவம்பரில் கஜா புயல் வந்தப்போ கொட்டகை சரிஞ்சு வண்டி மேலேயே விழுந்துச்சு. எடுத்து நிறுத்தி தார்ப்பாய் போட்டு மூடினதோட சரி, அதுக்கப்புறம் அது ஓடலை.

அம்மா போன பிறகு 2023-இல் அப்பாவை நாக்பூருக்குக் கூட்டிட்டு வந்தேன். அவர் போட்ட ஒரே நிபந்தனை, வண்டியும் வரணும். தடையில்லாச் சான்று, பெட்ரோலைச் சுத்தமா வடிச்சு ரயில் பார்சல்னு அது ஒரு தனிக் கதை, விடுங்க. இங்கே வந்தும் ரெண்டு வருஷம் பால்கனிக்குக் கீழே சும்மாதான் நின்னுச்சு. எங்க பாஷையில் சொன்னா செயல்படாத கணக்கு.

தெருமுனை மெக்கானிக் முன்சக்கரத்தை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார். இறங்கின ஃபோர்க் பாதியிலேயே நின்னுடுச்சு. "சாப், இஸ்மே குச் நஹீ பச்சா. பூரா ஃபோர்க் பதல் தோ" என்றார். ஒரே வரியில் ரைட்-ஆஃப்! எனக்கு ரோஷம் வந்துச்சு. அப்பாவோட வண்டி, அதோட பாகங்களோடவே ஓட்டிக் காட்டறேன்னு சொந்தச் செலவில் சூனியம் வெச்சுக்கிட்டேன்.

முதல் ஞாயிறு முழுக்க ஆக்ஸிலுக்கே போச்சு. நட்டு கழண்டுது, ஆக்ஸில் அசையலை. உள்ளே பேரிங்கோடயும் ஸ்பேசரோடயும் துருவில் ஒட்டிப் போயிருந்தது. நான் சுத்தியலை எடுத்து மரை முனையிலேயே ஓங்கினேன்.

"டேய், நட்டைத் திரும்பப் போட்டுட்டு அடிடா. மரை போயிடும்."

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிச்சுக்கிட்டிருந்த அப்பாதான். அன்னிக்குக் காலையிலிருந்து அவர் பேசின முதல் வார்த்தை அது. சொன்னபடி நட்டை ஆக்ஸில் முனை வரைக்கும் ஏத்தி, மேலே மரக்கட்டையை வெச்சுத் தட்டினேன். அசையலை. துரு இளக்கற ஆயிலை அடிச்சு ராத்திரி முழுக்க ஊறப் போட்டேன். திங்கட்கிழமை ஆபீஸ் போறதுக்கு முன்னாடி அடிக்காம, அந்தப் பக்கத் தலையில் ஸ்பேனரைப் போட்டு முன்னும் பின்னும் திருப்பினேன். கிறீச்னு ஒரு சத்தம், வந்துடுச்சு. ஒட்டிப் போன எதையும் முதல்ல சுத்த வெச்சுட்டு அப்புறம் இழுக்கணும்னு அன்னிக்குத் தெரிஞ்சுக்கிட்டேன்.

அடுத்த ஞாயிறு ஹேண்டிலுக்குக் கீழே ரெண்டு பைப்பையும் பிடிச்சிருக்கற கவ்வி. அதோட போல்ட்டைத் தளர்த்தி, பிளவுக்குள்ளே ஆயில் விட்டு, ஸ்குரூ டிரைவர் முனையை ரொம்ப லேசா நுழைச்சு விரிச்சேன் (பலமா விரிச்சா கவ்வியே விட்டுடும்). வலது பைப் பத்து நிமிஷத்தில் திருகிக்கிட்டே இறங்கிடுச்சு. இடது பைப்புக்கு மதியச் சாப்பாடு வரை ஆச்சு. ஒரு இடம் வரைக்கும் வரும், நிக்கும், திரும்பச் சுத்தணும். துருதான் காரணம்னு நினைச்சேன்.

பைப்பையும் அடியில் இருக்கற அலுமினிய பாட்டத்தையும் பிரிக்கணும்னா, பாட்டத்தோட அடிப்பள்ளத்தில் இருக்கற ஆலன் போல்ட்டைக் கழட்டணும். அது உள்ளே இருக்கற டாம்பர் ராடைப் பிடிச்சிருக்கும். போல்ட்டைத் திருப்பினா ராடும் சேர்ந்தே சுத்தும், விடிய விடியத் திருப்பலாம். இதுக்கு ஒரு வழி உண்டு. மேல் மூடியைத் திறக்கறதுக்கு முன்னாடி, ஸ்பிரிங் உள்ளே இருக்கும்போதே ஃபோர்க்கை நல்லா அமுக்கிப் பிடிச்சா, ஸ்பிரிங் ராடை அழுத்திச் சுத்த விடாமப் பிடிச்சுக்கும். நான் ஃபோர்க்கைச் சுவத்தில் முட்டுக்கொடுத்து உடம்பு பாரத்தையெல்லாம் போட்டேன், பையன் ஆலன் கீயைத் திருப்பினான். வலது பக்கம் வந்துடுச்சு. பிறகு மூடியைத் திறக்கும்போது முகத்தை மட்டும் விலக்கி வெச்சுக்கோங்க, ஸ்பிரிங் மூடியைத் தூக்கி எறியும்.

இடது பக்கத்தில் கதையே வேற. இங்கே எதுவும் சுத்தவே இல்லை. கீ வழுக்க ஆரம்பிச்சதும் நிறுத்திட்டேன். அந்த அறுகோணப் பள்ளம் ஒரு தடவை உருண்டையாயிட்டா அப்புறம் டிரில் போடறதைத் தவிர வழியில்லை. எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன்கிட்ட ஹாட் ஏர் கன் வாங்கிட்டு வந்தேன். அலுமினியம் சூட்டில் இரும்பைவிடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும், அதனால் பாட்டத்தைச் சூடாக்கினா போல்ட் மேல இருக்கற பிடி தளரும். (நெருப்பெல்லாம் காட்டாதீங்க, உள்ளே ஆயில் இருக்கு.) அஞ்சு நிமிஷத்தில் ஒரு வாசனை வந்துச்சு. தச்சுப் பட்டறை வாசனை.

ஷெல்லாக். கேஸ்கெட்டுக்கு மெக்கானிக்குங்க தடவுவாங்களே, அந்த அரக்கு. கீயை உள்ளே வெச்சு மேலே சுத்தியலால் ரெண்டு தட்டுத் தட்டித் திருப்பினேன், வழிவிட்டுது. வெளியே வந்த போல்ட் வலது பக்கத்துது மாதிரி இல்லை. நீளமே வேற. செப்பு வாஷரும் இல்லை. யாரோ இதை முன்னாடியே பிரிச்சிருக்காங்க.

"அப்பா, இதை எப்பவாவது பட்டறையில விட்டீங்களா?"

பேப்பரைத் திருப்பினார். பதில் இல்லை.

ரெண்டு பைப்பையும் துடைச்சு, சாப்பாட்டு மேஜைக் கண்ணாடி மேல உருட்டிப் பார்த்தேன் (தங்கமணி கோயிலுக்குப் போயிருந்த நேரம்). வலது பைப் சத்தமில்லாம உருண்டுது. இடது பைப் ஒவ்வொரு சுத்துக்கும் டக்... டக்...

இங்கே கொசுவத்தியைச் சுத்தியே ஆகணும். 1996, பத்தாவது பரீட்சை லீவு. அப்பா பஸ்ஸில் நாகப்பட்டினம் போன ஒரு நாள், சாவியை எடுத்துக்கிட்டு நானும் ஒரு நண்பனும் கோடியக்கரைக்குக் கிளம்பினோம். அகஸ்தியன்பள்ளி உப்பளம் தாண்டினதும் குறுக்கே ஒரு ஆடு. ஒடிச்சேன், நேரா மதகுக் கட்டையில் இடி. முன்சக்கரத்தை முட்டிக்கு நடுவில் இடுக்கி ஹேண்டிலை முறுக்கி நேராக்கி, கழுவித் துடைச்சு, இருந்த இடத்திலேயே நிறுத்திட்டோம். முழங்கைக் காயத்துக்கு "சைக்கிள்ல விழுந்துட்டேம்ப்பா" என்றேன். அப்பாதான் டிஞ்சர் போட்டு விட்டார்.

அதுக்கப்புறம் அந்தச் சாவி என் கைக்கு வந்ததே இல்லை. காலேஜ் படிக்கும்போது கேட்டேன், கிடையாது. வேலைக்குப் போன பிறகு கேட்டேன், கிடையாது. 2007-இல் கல்யாணமான புதுசில் தங்கமணியைக் கோடியக்கரை கூட்டிட்டுப் போகக் கேட்டப்போ, "டாக்ஸி வெச்சுக்க" என்றார். புதுப் பெண்டாட்டி முன்னாடி! தகப்பனுக்கு மகனைவிட வண்டி பெருசுன்னு எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பேன்...

டக் டக் சத்தம் கேட்டு அப்பா எழுந்து வந்தார். பைப்பைக் கையில் வாங்கி, ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தார்.

"நிமித்தினது. நாகப்பட்டினத்துல ஒரு லேத்துக்காரன் செஞ்சு குடுத்தான். புதுசு வாங்க அந்த வருஷம் தோதுப்படல, உங்க அக்கா கல்யாணம். நிமித்தின கம்பி சார், வேகமாப் போவாதீங்க, என்னிக்கு வேணா ஒடியலாம்னான். நான் முப்பதைத் தாண்டினதில்ல."

"உங்களுக்கு எப்பப்பா தெரியும்?"

"அன்னிக்குச் சாயங்காலமே. ஹேண்டில் நேரா இருந்துச்சு, சக்கரம் நேரா இல்ல."

"ஏன் கேக்கல?"

"கேட்டா நீ இன்னொரு பொய் சொல்லியிருப்ப."

கொஞ்ச நேரம் கழிச்சு அவரே சொன்னார். "ஒங்கம்மாவையும் அதுக்கப்புறம் பின்னாடி ஏத்தினதில்ல. அவளுக்குக் கடைசி வரைக்கும் கோவம்."

எனக்குத் தெரியும். வண்டி வாங்கி என்ன பிரயோஜனம், ஒரு நாள் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனாரா மனுஷன்னு அம்மா எங்கிட்டயே சொல்லியிருக்கா. நானும் அவளோட சேர்ந்துதான் அப்பாவைத் திட்டியிருக்கேன். "அம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன். "சொன்னா ஒன்ன அடிப்பா" என்று சொல்லிட்டுக் கை கழுவப் போயிட்டார்.

மெக்கானிக் சொன்னதுதான் கடைசியில் சரி. ஒரு தடவை வளைஞ்சு நிமிர்ந்த பைப்பை நம்பக் கூடாது. வலது பைப்பிலும் சீல் உரசற இடத்தில் துருப் பள்ளம் இருந்துச்சு, அதில் புது சீலைப் போட்டா ஒரே மாசத்தில் கிழியும். ரெண்டு பைப்பும் ஜோடியாப் புதுசு வாங்கினேன். மூணாவது ஞாயிறு பழைய சீல்களை, பாட்டத்தில் வெந்நீர் ஊத்தித் துணி வெச்சு நெம்பி எடுத்தேன். அதுக்கு முன்னாடி மேலே இருக்கற வளையக் கிளிப்பை எடுக்கணும், துருவில் அது கண்ணுக்கே தெரியாது, நான் கால் மணி நேரம் இல்லாத கஷ்டமெல்லாம் பட்டேன். புது சீலை பிவிசி பைப் துண்டால் நேராத் தட்டி இறக்கி, ரெண்டு பக்கமும் ஒரே அளவு ஆயிலை சிரிஞ்சால் அளந்து ஊத்தினோம். அளந்தது அப்பா.

சாயங்காலம் காலனிக்குள்ளேயே ரெண்டு சுத்துப் போனேன். அப்பாவைப் பின்னாடி ஏறச் சொன்னேன், முட்டி வலின்னுட்டார்.

இடது பாட்டத்தின் அடியில் மட்டும் ஒரு சொட்டு ஆயில் கசியுது. செப்பு வாஷர் சரியா உட்காரலை போல, அடுத்த ஞாயிறு திரும்பப் பிரிக்கணும். அதுவரைக்கும் தினம் காலையில் அப்பா அதுக்குக் கீழே முந்தின நாள் பேப்பரை விரிச்சு வெச்சு, சாயங்காலம் நான் வந்ததும் எத்தனை சொட்டுன்னு சொல்றார். நேத்து மூணு.