கணக்கில் இரண்டு பொய்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 2,47,702 பேர். அதில் இரண்டு பேர் பொய்க்கணக்கு. என் மகனும் மகளும். "எல்லாருக்கும் சௌராஷ்டிரம்னே போட்டுக்குங்க சார்" என்று சொன்னவன் நான்தான். 2001இல் 1,85,420 ஆக இருந்தது இவ்வளவு ஏறிவிட்டதே என்று பிறகு ஒரு கூட்டத்தில் பெருமையாகப் பேசவும் செய்தேன். தமிழில்தான்.

பிள்ளைகளுக்குச் சௌராஷ்டிரத்தில் ஒரு வாக்கியம் கோவையாக வராது. பள்ளிக்கூடத்தின் மேல் பழி போட வழியில்லை. மதுரை மகால் பக்கத்துத் தெருவில், தறிச் சத்தத்துக்கு நடுவே, நானும் தமிழ்ப் பள்ளியில் படித்துக்கொண்டே வீட்டில் சௌராஷ்டிரம் பேசி வளர்ந்தவன். எங்கள் முன்னோர் இங்கே வந்த வழியில் தெலுங்கையும் கன்னடத்தையும் சேர்த்துக்கொண்டும் இதை விடவில்லை. பிள்ளைகளிடம் தமிழே பேசியதற்கு, குழந்தை குழம்பிப்போகும் என்று நான் சொன்னது சாக்கு. தமிழ் நண்பர்கள் வரும்போது வீட்டுப் பேச்சு வெளியே கேட்பது கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் நானும் மனைவியும் எங்களுக்குள் அதை விடவே இல்லை. நகை அடகு, மைத்துனர் வாங்கிய கடன், யார் வீட்டுப் பெண் யாரோடு போனாள் என்று பிள்ளைகள் காதில் விழக்கூடாததெல்லாம் அதில்தான். ஜவுளிக்கடையில் வாடிக்கையாளரை வைத்துக்கொண்டே அடக்க விலை பேசிப் பழகிய நாக்கு. கடைக்கு அது சரி.

அம்மா பேரப்பிள்ளைகளிடம் சௌராஷ்டிரத்தில் கேட்பாள். அவர்கள் தமிழில் பதில் சொல்வார்கள். "புரியற மாதிரி பேசும்மா" என்று அதட்டினேன். அவளும் தமிழுக்கு மாறினாள். அவள் தமிழில் "சாப்ட்டியா", "தூங்கு" வரும்; கதை வராது.

அப்போதெல்லாம் எனக்கு, சௌராஷ்டிரத்தை எந்த எழுத்தில் எழுதுவது என்ற சண்டைக்குத்தான் நேரம் இருந்தது. நூறு வருஷத்துக்கு முன்பே டி. எம். ராமராய் மொழியின் சொந்த எழுத்தில் பாடப் புத்தகம் அச்சிட்டிருக்கிறார். தேவநாகரி போதும் என்று ஒரு கட்சி, தமிழெழுத்தோடு எண் சேர்த்து எழுதலாம் என்று இன்னொரு கட்சி. நான் ராமராய் கட்சி. 2008இல் அந்த எழுத்து யூனிகோடில் ஏறியபோது அல்வா வாங்கி வந்தேன். "எதுக்குப்பா?" என்றாள் மகள். விளக்கினேன், எழுத்தைப் பற்றி மட்டும்.

சமீபத்தில் பேச்சுவாக்கில் மகன், "மாமா அப்ப வட்டியே கட்டலேல்ல?" என்றான். சமையலறையில் நாங்கள் பேசியதிலிருந்து பிடித்துக்கொண்டது. கடன், வட்டி, அடகு, இவற்றுக்கெல்லாம் அவனுக்குச் சௌராஷ்டிரம் தெரிகிறது.