இரண்டு ஆறு

தங்கைக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு. சீராக ஒரு ஜோடி தங்க வளையல் போடுவதென்று முடிவானது. அளவெடுத்து வரும் வேலை என் தலையில் விழுந்தது. பூக்கட்டும் நூலை அவள் மணிக்கட்டில் சுற்றி, நுனி தொட்ட இடத்தில் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் நூலை ஸ்கேலில் நீட்டினார். 16 சென்டிமீட்டர். "மணிக்கட்டுல எடுத்தீங்களா சார்? இந்த வளையல் கையில நுழையவே நுழையாதே!"

வளையலை மறிப்பது மணிக்கட்டு அல்லவே. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக் கையைக் குவித்தால், விரல்முட்டிகள் புடைத்து நிற்குமே, அங்கேதான் சுற்ற வேண்டும். நூலும் கூடாதாம். இழுத்த இழுப்புக்கு நீளும்; காகிதப் பட்டை என்றால் நம்பலாம்.

அவர் சொன்ன கணக்கு எனக்குப் புதிது. 2-6 என்றால் இரண்டு புள்ளி ஆறு இல்லை. இரண்டு அங்குலமும் பதினாறில் ஆறு பங்கும். நம் பழைய வாய்ப்பாட்டில் ஆறு வீசம். அது வளையலின் உள்விட்டம். சுற்றளவாக மாற்றினால் 2-4க்கு ஏறக்குறைய 18 சென்டிமீட்டர், 2-6க்கு 19, 2-8க்கு 20. படிக்கு ஒரு சென்டிமீட்டர்! அங்குலத்துக்குள் இப்படியொரு சென்டிமீட்டர் ஒளிந்திருப்பதைப் பள்ளியில் யாரும் சொல்லவில்லை.

மறுநாள் காகிதப் பட்டையோடு போனேன். 20. "2-8" என்றேன், தேர்வில் தேறியவனைப்போல.

"தங்கச்சிக்கு எத்தனாவது மாசம்?"

"ஏழு."

"கை வீங்கியிருக்கும். கல்யாணத்துக்குப் போட்ட வளையல் ஒண்ணு கொண்டாங்க."

பழைய வளையலின் உள்ளே நூலைச் சுற்ற முடியாது. அவர் ஸ்கேலைக் குறுக்கே வைத்து விட்டத்தைப் பார்த்தார். 2-6. அந்த அளவிலேயே வாங்கினோம்.

வளைகாப்பன்று கண்ணாடி வளையல் அடுக்க வந்த அம்மாள் நூலும் எடுக்கவில்லை, ஸ்கேலும் எடுக்கவில்லை. தங்கையின் கையைப் பிடித்து முட்டிகளை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். கட்டிலிருந்து 2-8 உருவினார். பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஒவ்வொன்றாக ஏற்றினார், ஒன்றுகூட உடையவில்லை.

தங்க வளையல் அன்று முட்டியைத் தாண்டவில்லை. தாம்பாளத்திலேயே, மஞ்சளுக்கும் வெற்றிலைக்கும் நடுவில் இருந்தது. குழந்தைக்கு மூன்றாம் மாதம் நடக்கும்போது ஒருநாள் தங்கை போனில் கூப்பிட்டாள். "அண்ணா, ஏறிடுச்சு. சோப்புகூடப் போடல."